மாலைக் கல்லூரியும் மக்கள் சாலையும்

இரவு மணி ஒன்பதே முக்கால். பொதுக்கூட்டம் முடிந்து, மேடைத் தூசு தோளிலே ஒட்டியிருக்க, கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையோடு சைதாப்பேட்டை நிறுத்தத்திலே காத்து நின்றோம். வந்தது ஒரு பேருந்து. ஏறினோம். சன்னலோரத்திலே ஒருவர். நரை தட்டத் தொடங்கிய தலை. மடியிலே சோற்றுப் பாத்திரப் பை; பையின்மீது விரித்த புத்தகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை தடிமன்! வண்டி குலுங்கும்போதெல்லாம் வரியை விரலால் பிடித்துக்கொண்டு படித்தார். பக்கத்திலே அமர்ந்தோம்.

"பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரவா அண்ணே?" என்று கேட்டோம்.

சிரித்தார். "எனக்கேதான் பாடம், தம்பி! நாளை மறுநாள் தேர்வு" என்றார்.

நாற்பத்தொரு வயதுக்காரர். பகலெல்லாம் ஓர் அலுவலகத்திலே சாலைப் பிரிவுப் பொறியாளர். மாலையானால் மாணவர்! அவர் படிப்பது போக்குவரத்துத் திட்டமிடலும் பொறியியலும், மேற்பட்டப் படிப்பு, பகுதிநேரம். மடியிலே கிடந்தது கடியாலி எழுதிய பாடநூல். இந்நாட்டிலே இத்துறை பயின்றோர் எவரும் புரட்டாமல் இருந்திருக்க முடியாத புத்தகமாம் அது. நாம் புரட்டிப் பார்த்தோம். தமிழ் நெடுங்கணக்கு தெரியும், ஓரளவு ஆங்கிலமும் தெரியும்; அந்தப் பக்கங்களிலே இருந்த கிரேக்க எழுத்துகளோ நம்மைக் கண்டு நகைத்தன. கல்லூரி வாயிலை நாம் மிதித்ததே பேச அழைத்தபோதுதான். ஆகவே புத்தகத்தை அவரிடமே தந்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கள்" என்றோம். சொன்னார். அவர் இறங்கும் இடம் வந்தது, நாமும் இறங்கினோம். தேநீர்க் கடையிலே மேலும் சொன்னார். அதன் பிறகு பல மாலைகள் சந்தித்தோம். அவர் சொன்னவற்றிலே நமக்குப் புரிந்ததையும், புரிந்தபின் நமக்குத் தோன்றியதையும் இங்கே வைக்கிறோம்.

"சாலை போட ஒரு மேற்பட்டமா? கல்லைக் கொட்டு, தாரை ஊற்று, உருளையை ஓட்டு, தீர்ந்தது வேலை!" என்பர் சிலர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், மறைப்பானேன்? ஆனால் கல்லும் தாரும் இந்தப் படிப்பிலே ஒரு பகுதிதான். யார் எங்கிருந்து எங்கே போகிறார்? எத்தனை பேர் போகிறார்? எதிலே போகிறார்? எவ்வழியே போகிறார்? இந்த நான்கு கேள்விகள்தாம் இப்படிப்பின் முதுகெலும்பு. நான்குபடி முறை என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1950களிலே அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் நகரளாவிய ஆய்வு நடத்தி, வீடுவீடாகக் கேட்டு, கணக்குப் பொறியிலே கொட்டி, எங்கே எத்தனை அகலத்திலே விரைவுச்சாலை வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த முறை அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று.

கேள்வி நன்று. ஆனால், கேட்டது எதற்காக? மோட்டார் போகும் வழிக்காக! தொடக்க நாள் ஆய்வுகளிலே நடந்து போவோர் பெரும்பாலும் கணக்கிலேயே ஏறவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நாலு வீட்டு வேலைக்கு நடக்கும் அம்மை, பள்ளிக்கு நடக்கும் பிள்ளை, காய்கறிக் கூடையோடு நடக்கும் ஆயா, இவர்கள் நடப்பதெல்லாம் 'பயணம்' ஆகவில்லை. ஏட்டிலே எழுதப்படாதவருக்கு இடம் எப்படிக் கிடைக்கும்? இல்லாதவர் என்று எழுதிவிட்டால், இடம் கொடுக்க வேண்டியதில்லையே!

இன்னொரு விந்தை கேளுங்கள். சாலையிலே கார் போகிறது, பேருந்து போகிறது, மிதிவண்டி போகிறது, மாட்டு வண்டியும் போகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவது எப்படி? கூட்டுவதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். அரிசிக்குப் படி, துணிக்கு முழம், சாலைக்கு? கார்! ஆம்! காரே அளவுகோல். கார் அலகு என்பார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு. பெயரைப் பார்த்துப் பதறவேண்டாம், இது அந்தக் காங்கிரசல்ல. 1934இல் தோன்றிய பொறியாளர் அமைப்பு. நாட்டுப்புறச் சாலைகளுக்காக 1990இல் அது வெளியிட்ட நெறிமுறையிலே கார் 1, பேருந்து 3, மிதிவண்டி அரை. பேருந்திலே 50 பேர் போகட்டும், 3 தான். காரிலே ஒரே ஒருவர் காலை நீட்டிக்கொண்டு போகட்டும், 1 தான். ஓர் அலகுக்குப் பேருந்து ஏறத்தாழ 17 பேரைச் சுமக்கிறது. கார் ஒருவரையோ இருவரையோ சுமக்கிறது. நடப்பவருக்கு எத்தனை அலகு என்று பட்டியலை மேலும் கீழும் தேடினோம். பட்டியலிலேயே இல்லை!

நமக்கு ஆத்திரம் வந்தது. "இதுதானா உங்கள் படிப்பு?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "அளவுகோலின்மேல் கோபப்படாதீங்க தம்பி. சாலையிலே எவ்வளவு இடம் அடைபடுது என்று அளக்க அது வேண்டியதுதான். அந்த ஒன்றை மட்டும் அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவதுதான் தப்பு. வகுப்பிலே எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே அதுதான்."

நியாயம். 2006ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வகுத்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் அதையே சொல்கிறது: நகர்த்த வேண்டியது மனிதரை, வண்டியை அன்று! சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் மிதிவண்டியினருக்குமாகத் தனிக் கொள்கையே வகுத்தது. பாண்டி பசாரிலே 2019 நவம்பரில் நடப்போர்க்கென அகன்ற வளாகம் திறக்கப்பட்டதை நேரிலே சென்று கண்டு களித்தோம். கொள்கை இருக்கிறது. கொள்கையைக் கோடாக, கோட்டைச் சாலையாக மாற்றத் தெரிந்த கை எத்தனை இருக்கிறது? கேள்வி அங்கேதான்.

அந்தக் கை இல்லாவிட்டால் என்ன ஆகிறது? 2022ஆம் ஆண்டு ஒன்றிலே மட்டும் இந்நாட்டுச் சாலைகளிலே மாண்டோர் 1,68,491 பேர். ஒன்றிய அரசின் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. அவர்களிலே நடந்து போனவர்கள் 32,825 பேர். தமிழ்நாட்டிலே அவ்வாண்டு மாண்டோர் 17,884 பேர். பட்டியலிலே இடம் பெறாத பாதசாரி, பிணக்கணக்கிலே மட்டும் தவறாமல் இடம் பெறுகிறான்! போரிலே இத்தனை பேர் மடிந்தால் வானொலி அலறும், வீதியெல்லாம் கொடி அரைக்கம்பத்திலே பறக்கும். சாலையிலே மடிந்தால் மூன்றாம் பக்கத்திலே நான்கு வரி. நம் ஏடும் அப்படித்தான் போடுகிறது. அடுத்த வீட்டை மட்டும் ஏசுவது அறமாகாது.

இனி, அவர் சொன்ன சிக்னல் கதை.

நாற்சந்தியிலே விளக்கு எத்தனை நொடி எரியவேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. இங்கிலாந்திலே சாலை ஆய்வுக் கூடத்திலே வேலை பார்த்த வெப்ஸ்டர் என்பவர் 1958இல் தந்தது. விளக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சில நொடி வீணாகிறது அல்லவா? அந்த வீண் நொடியை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டு. சந்தி தாங்கக்கூடிய அளவிலே எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறதோ அதை ஒன்றிலிருந்து கழி. முன்னதைப் பின்னதால் வகு. வருவது ஒரு முழுச் சுற்றுக்கான நேரம். வீண் நொடி 12 என்று வைத்து, தேநீர்க் கடை மேசையிலேயே போட்டுக் காட்டினார். சந்தி பத்துக்கு ஏழு பங்கு நிரம்பியிருந்தால் சுற்று ஏறத்தாழ 77 நொடி. பத்துக்கு ஒன்பது பங்கு நிரம்பினால்? 230 நொடி! வண்டி இரண்டு பங்குதான் கூடிற்று. காத்திருப்போ மூன்று மடங்கு! அந்த விளக்கு மாறுவதற்குள் நாம் ஒரு தலையங்கத்தின் முதல் பத்தியை எழுதிவிடலாம்.

"இந்தச் சூத்திரம் வண்டிக்கு. கடக்கிற மனிதருக்கு?" என்று கேட்டோம். அதற்கும் கணக்கு இருக்கிறதாம். மனிதர் ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாக வைத்துக்கொள்வார்கள். சாலை 18 மீட்டர் அகலம் என்றால் 15 நொடி. சரிதானே? சரிதான், நமக்கும் உங்களுக்கும். அவர் வீட்டருகே அப்படி ஒரு சந்தி. அவர் அன்னையாருக்கு எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை, சாலை வெறிச்சோடிக் கிடந்த நேரத்திலே, கைப்பேசியிலே நொடி எண்ணியபடி அன்னையைக் கடக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். 24 நொடி. அதாவது, நடுவிலே இருக்கும்போதே பச்சை அணைந்துவிடும். மிச்சம் ஒன்பது நொடி அந்த மூதாட்டி பாய்ந்து வரும் வண்டிகளின் கருணையிலே!

"பதினெட்டு வருசமா இந்த வேலை பார்க்கிறேன் தம்பி. அந்த 1.2ஐ நானே எத்தனை வரைபடத்திலே எழுதியிருப்பேன்! அது யாருடைய நடை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வகுப்பிலே கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தேன்" என்றார்.

தேநீர் ஆறிப்போயிற்று. நாம் கவனிக்கவில்லை.

அவர் கதையையும் சொல்லவேண்டும். தந்தையார் பல்லவன் போக்குவரத்துக் கழகத்திலே நடத்துநர். 1972 சனவரி முதல் நாள் பிறந்த கழகம் அது. அதற்கு முன்னரே, 1947இலேயே, சென்னையிலே அரசு பேருந்து ஓட்டத் தொடங்கிவிட்டது. 1895 முதல் மின்சாரத்தால் ஓடிய டிராம் வண்டி 1953இல் நின்றுபோன பிறகு, ஏழை எளியோரின் சுமை முழுவதும் அந்தப் பேருந்தின் தோளிலே விழுந்தது. காக்கிச் சட்டையும் கைப்பையுமாகப் படிக்கட்டிலே தொங்கிய தந்தை, மகனைப் பொறியாளராக்க ஆசைப்பட்டார். எங்கே படித்தார் மகன்? ஈரோட்டிலே, 1984இல் தொடங்கப்பட்ட சாலைப் போக்குவரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிலே! போக்குவரத்துத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இடம் வைத்து எழுந்த கல்லூரி. டிக்கெட் கிழித்த கையின் மகன் வரைபடம் வரைந்தான். அந்தக் குடும்பத்திலே அவர்தாம் முதல் பட்டதாரி. வேலை கிடைத்தது, தங்கை திருமணம், தந்தையின் மருந்துச் செலவு, பிள்ளைகள். மேற்படிப்பு என்ற சொல்லையே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். பதினெட்டு ஆண்டுக்குப் பிறகுதான் இறக்கினார்.

இத்தகையவருக்காகத்தான் பகுதிநேரப் படிப்பு. முழுநேரத்தார் இரண்டு ஆண்டிலே முடிப்பதை இவர்கள் மூன்று ஆண்டிலே முடிக்கவேண்டும். அதே பாடம், அதே தேர்வு, அதே ஆய்வேடு. சலுகை ஒன்றும் இல்லை. ஆண்டு ஒன்று கூடுதல், உறக்கம் பாதி. "பகுதிநேரப் பட்டம் பாதிப் பட்டம்தானே?" என்று உதடு பிதுக்குவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: பகலிலே எட்டு மணி நேரம் வெயிலிலே நின்றுவிட்டு, மாலையிலே மூன்று மணி நேரம் நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, இரவிலே பேருந்து விளக்கிலே பாடம் படிப்பவன் பெற்ற பட்டம் பாதி என்றால், தந்தை பணத்திலே விடுதியிலே தங்கிப் பெற்ற பட்டம் எத்தனை முழு?

இந்தப் படிப்புக்கு இப்படிப்பட்ட மாணவர் கட்டாயம் வேண்டும் என்றும் சொல்வோம். இரக்கத்தால் சொல்லவில்லை, தேவையால் சொல்கிறோம். பாடநூலின் சாலையிலே வண்டிகள் தடம் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையிலே போகும். நம் சாலையிலே? காருக்கும் பேருந்துக்கும் நடுவே இரண்டு சக்கரம் நுழையும். அதற்கும் சுவருக்கும் நடுவே ஆட்டோ நுழையும். எதிர்த்திசையிலே தண்ணீர் வண்டி வரும். மேல்நாட்டார் வகுத்த மாதிரிகள் இங்கே தடுமாறுகின்றன. அதற்காகத்தான் சென்னை ஐ.ஐ.டி.யிலே பேராசிரியர் தமிழரசனும் அவர் மாணவரும் தடம் பிரியாத கலப்புப் போக்குவரத்தைக் கணினியிலே நடத்திக் காட்டும் மாதிரி ஒன்றை உருவாக்கி 2005இல் வெளியிட்டனர். பெயரே தமிழரசன்! நமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இத்தகைய மாதிரிக்கு உயிர் கொடுப்பது எது? சந்தியிலே நின்று கண்டவனின் அறிவு. மழை பெய்தால் எந்த நிறுத்தத்திலே தண்ணீர் நிற்கும், நிறுத்தத்திலே தண்ணீர் நின்றால் மக்கள் எங்கே நகர்ந்து நிற்பர், அங்கே நின்றால் பேருந்து எப்படி நடுச்சாலையிலேயே நிற்கும், அப்படி நின்றால் பின்னாலே எத்தனை தொலைவு அடையும் - இதையெல்லாம் எந்தக் கணினி சொல்லும்? நம் நண்பர் சொல்வார். அவரோடு படிக்கும் இருபத்திரண்டு வயதுத் தம்பிகளும் தங்கைகளும் கணினியிலே மின்னல். அவர்கள் அவருக்குக் கணினி கற்பிக்கிறார்களாம், அவர் அவர்களுக்குச் சாலையைக் கற்பிக்கிறாராம்.

இங்கிலாந்திலே இதற்கு நெடுநாளாக ஒரு வழக்கம் இருக்கிறது. வேலை தருபவரே வாரத்தில் ஒரு நாளைக் கல்விக்கென விட்டுத் தருவார். நான்கு நாள் அலுவலகம், ஒரு நாள் கல்லூரி. லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்திலே போக்குவரத்து ஆய்வுக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டிலே பொறியியல் கல்வி பிறந்த கதையை நினைத்துப் பாருங்கள். 1794இலே, கும்பினிக்காரன் நிலத்தை அளக்க ஆள் வேண்டுமென்று எட்டுப் பையன்களை வைத்து ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினான். அதுதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1978இல் அண்ணாவின் பெயர் தாங்கும் பல்கலைக்கழகத்தின் அங்கமும் ஆயிற்று. வேலைக்காகப் படிப்பு, வேலையோடு படிப்பு என்பது இம்மண்ணிலே இருநூறாண்டுப் பழக்கம். அன்று அவன் வரி வாங்க வேண்டியிருந்தது, பள்ளி வைத்தான். இன்று நம் மக்கள் உயிரோடு சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதே!

ஆனால் நம் நண்பருக்கு நேர்ந்தது என்ன? பகுதிநேரப் படிப்பிலே சேர, வேலை தருபவரிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. முதல் ஆண்டு கேட்டார். "மாலையிலே நீர் படிக்கப் போனால் அவசர வேலையை யார் பார்ப்பது?" என்றார் மேலதிகாரி. கோப்பு மூடப்பட்டது. இரண்டாம் ஆண்டு கேட்டார். கோப்பு திறந்தது, மேசைக்கு மேசை நகர்ந்தது, விண்ணப்ப நாள் கடந்த மறுவாரம் சான்று வந்தது! மூன்றாம் ஆண்டு, முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொரு மேசைக்கும் தாமே நடந்து, கையெழுத்தைக் கையோடு வாங்கினார். நாற்சந்தியிலே வண்டி தேங்கினால் அளக்கக் கருவி இருக்கிறது. மேசையிலே கோப்பு தேங்கினால் அளக்க எந்த வெப்ஸ்டர் வருவார்?

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அந்த மேலதிகாரியும் கெட்டவரல்லர். ஆளில்லாத அலுவலகத்திலே ஆளை இழக்க அவருக்குப் பயம். படித்து முடித்தவர் வேறிடம் போய்விடுவார் என்ற ஐயமும் இருந்திருக்கலாம். ஆனால் படிக்காத பொறியாளர் வரைந்த சந்தியிலே ஒருவர் மாண்டால், அந்த இழப்பு எந்தக் கோப்பிலே ஏறும்?

இந்தப் படிப்பு நம் போன்றோரின் பெருமிதத்தையும் சற்றே உரசிப் பார்க்கிறது. 1973இலே அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டது. சென்னையின் முதல் மேம்பாலம். அந்நாளைய தோழர்கள் அதைக் காணக் குடும்பத்தோடு வந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 'நெரிசலா? பாலம் கட்டு! மேலும் நெரிசலா? மேலும் பாலம் கட்டு!' என்பதே மருந்து என்று எல்லாக் கட்சியினரும் நம்பிவிட்டோமே, அது சரியா? மேடையிலே பாலத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது எளிது. நடைபாதையைக் காட்டி எவன் கைதட்டல் வாங்கினான்?

இலண்டனைச் சுற்றி எம்25 என்ற வட்டச் சாலையை 1986இல் முடித்தார்கள். நெரிசல் ஒழிந்தது என்று மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே எதிர்பார்த்ததைவிட அதிக வண்டிகள், அகலப்படுத்தினார்கள், மேலும் வண்டிகள். 1994இலே அந்நாட்டு அரசின் வல்லுநர் குழுவே ஒப்புக்கொண்டது: புதுச் சாலை புதுப் போக்குவரத்தைப் பிறப்பிக்கும் என்று. செருமானியக் கணித அறிஞர் பிரேஸ், 1968இலே இன்னும் வியப்பானதைக் காட்டினார். அவரவர் தத்தம் வசதிக்கு வழி தேடும்போது, புதிதாக ஒரு சாலையைத் திறந்தால் சில வேளைகளிலே எல்லாருடைய பயணமும் நீளும்! கணக்காலேயே நிறுவினார். தென்கொரியத் தலைநகர் சியோலிலே ஓடையை மூடி எழுப்பியிருந்த மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையை மீட்டு, கரையிலே மக்களை நடக்கவிட்டார்கள். நகரம் நின்றுவிடவில்லை.

இலண்டன் நடுவிலே கார் நுழைந்தால் கட்டணம் என்ற ஏற்பாடு 2003 பிப்ரவரியிலே வந்தது. நாளுக்கு 5 பவுண்டு என்று தொடங்கினார்கள். கூடவே பேருந்துகளைப் பெருக்கினார்கள். இந்த எண்ணத்தை ஆராய்ந்து ஸ்மீட் என்பவர் தலைமையிலான குழு அறிக்கை தந்தது எப்போது? 1964இலே! அறிஞர் எழுதியதை ஆட்சியாளர் செய்ய 39 ஆண்டு! இடையிலே சிங்கப்பூர் 1975லேயே செய்து காட்டிவிட்டது. அறிக்கை எழுதத் தெரிந்தவர் இருந்தால் போதாது. அறிக்கையைப் படித்துப் புரிந்து, அமைச்சரிடம் அச்சமின்றி எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் அலுவலகத்தின் உள்ளே வேண்டும். வெளியிலிருந்து கட்டணம் பேசி வருகிற ஆலோசனை நிறுவனம் வண்ணப்படம் காட்டிவிட்டுப் போய்விடும். அந்தப் படத்திலே பிழை எங்கே என்று கேட்க உள்ளே ஒருவர் வேண்டுமே!

2021 மே திங்களிலே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. நாம் பாராட்டி எழுதினோம். இன்றும் பாராட்டுகிறோம். நம் நண்பரும் பாராட்டுகிறார். ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் வேறு. அந்தப் பெண் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு எப்படி நடக்கிறாள்? நிறுத்தத்திலே நிழல் உண்டா? எத்தனை நிமிடம் காத்திருக்கிறாள்? நேரே ஒரு பேருந்து உண்டா, மூன்று மாறவேண்டுமா? ஆணை அவளைப் படிக்கட்டிலே ஏற்றிவிட்டது. படிக்கட்டு வரையிலான பாதையை யார் வரைவது? இதற்குப் பெண் பொறியாளர்கள் வேண்டும் என்பது அவர் வாதம். அவர் வகுப்பிலே பகுதிநேரத்தாரில் ஒரே ஒரு பெண். இரவு ஒன்பதுக்கு வகுப்பு விட்டு, அரையிருட்டு நிறுத்தத்திலே காத்து நின்று, வீட்டுக்குப் போய் மறுநாள் சமையலுக்கு அரிந்து வைத்துவிட்டுத்தான் அந்த அம்மையார் புத்தகத்தைத் திறக்கமுடிகிறது. நம் நண்பரிடம், "உங்கள் வீட்டிலே?" என்று கேட்டோம். சற்று நாணத்தோடு சொன்னார்: "என் வீட்டுக்காரிதான் மூணு வருசமா எல்லாம் பார்த்துக்கிறா. பட்டம் அவ பேரிலேயும் அடிக்கணும்." அடிக்கட்டும் என்கிறோம்!

நாம் கேட்பது கோட்டை கொத்தளம் அன்று. பகுதிநேரம் படிக்க விரும்பும் பொறியாளரின் விண்ணப்பத்துக்கு இத்தனை நாளுக்குள் சான்று தரவேண்டும், தராவிட்டால் காரணத்தை எழுத்திலே தரவேண்டும் என்று ஒரு வரி ஆணை. வாரத்திலே ஒரு நாள் பிற்பகல் கல்விக்கென விடுதலை. படிப்புக் கட்டணத்தை அலுவலகம் முன்பணமாகத் தந்து, சம்பளத்திலே சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. படித்து முடித்தவர் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்றவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? இரவு வகுப்பு விடும் நேரத்துக்குக் கல்லூரி வாயிலுக்கு ஒரு பேருந்து. போக்குவரத்துப் படிக்கிறவருக்கே போக்குவரத்து இல்லையென்றால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா?

அந்தத் தேர்விலே அவர் தேறிவிட்டார். இப்போது ஆய்வேடு எழுதுகிறார். பொருள் என்ன தெரியுமா? முதியோர் சாலை கடக்கும் வேகமும் சிக்னல் நேரமும்! ஞாயிறுதோறும் கையிலே குறிப்பேட்டோடு சந்திகளிலே நிற்கிறார். ஒருநாள் நாமும் போய் நின்றோம். நொடி எண்ணும் பணியை நம்மிடம் தந்தார். பேச்சு எழவில்லை நமக்கு. கைத்தடி ஊன்றி வந்த பெரியவர் ஒருவர் விளிம்பிலே நின்று, இடமும் வலமும் பார்த்து, பச்சை வந்தும் இறங்க அஞ்சி, மீண்டும் சிவப்பு விழும்வரை அங்கேயே நின்றார். "இதை எப்படிக் குறிப்பது?" என்று கேட்டோம். "கடக்கவில்லை என்று எழுதுங்க தம்பி. அதுவும் கணக்குதான்" என்றார்.

தம் வீட்டருகே உள்ள சந்திக்குக் கூடுதலாக ஒன்பது நொடி கேட்டு, கணக்கோடும் படத்தோடும் மூன்று பக்கக் குறிப்பு ஒன்றைத் தம் அலுவலகத்திலே கொடுத்திருக்கிறார். 'பார்வைக்கு' என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். இதை எழுதும் இன்றும் அந்தச் சிக்னலிலே பச்சை 15 நொடிதான். அவர் அன்னையார் மருந்துக் கடைக்குப் போவதென்றால், பள்ளிவிட்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் காத்திருந்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறார்.